எட்டு லட்சத்துக்குக் கிச்சன் போட்டால் வீட்டு விலை ஏறுமா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "30க்கு 40 சைட்டில் கட்டிய வீடு, 26 வருஷமாச்சு. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு இரண்டு குடித்தனம். விற்றுவிட்டு ஓசூரில் மகனோடு இருக்கலாம் என்று யோசனை. எட்டு லட்சம் போட்டு மாடுலர் கிச்சனும் புது டைல்ஸும் செய்தால் விலை கூடும் என்கிறார் மருமகன். 'பி கத்தா வீடு, இவ்வளவுதான் வரும்' என்கிறார் புரோக்கர். யார் சொல்வது சரி?"

புரோக்கர் பக்கம்தான் நியாயம் அதிகம், அம்மா. அந்த எட்டு லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தனி வீட்டில் விலை போவது மண். ஒரு கணக்குக்குச் சதுர அடி 9,000 ரூபாய் என்று வைத்தால் 1,200 சதுர அடி மண்ணே 1 கோடியே 8 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 40 லட்சம் ஆகும் என்றால், 60 வருஷ ஆயுளில் கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்து, வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் கழிப்போம். 26 வருஷத்தில் 39 சதவீதம் போய், நிற்பது 24 லட்சம் சொச்சம். உங்கள் பக்கம் வாங்குபவர்களில் பலர் இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பவே வருகிறார்கள். புதுக் கிச்சன் காயலான் கடைக்குத்தான் போகும்.

பி கத்தா சமாச்சாரம்தான் முக்கியம். கத்தா என்பது மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவு. 2007இல் கிருஷ்ணராஜபுரம் உட்பட 7 நகரசபைகளையும் 110 கிராமங்களையும் மாநகராட்சியோடு சேர்த்தபோது, விவசாய நிலத்தை முறையாக மனையாக மாற்றாமல் பிரித்து விற்ற 'ரெவின்யூ சைட்டுகள்' நிறைய உள்ளே வந்தன. வரி வாங்க வேண்டுமே, அதற்கு வைத்த தனிப் பதிவேடுதான் பி. பெரும்பாலான வங்கிகள் இதற்குக் கடன் தர யோசிக்கும். கடன் இல்லையென்றால் ரொக்கக்காரர் மட்டும் வருவார். ரொக்கக்காரர் விலையை அடித்துத்தான் கேட்பார். ஆகவே முறையான சொத்துகளுக்குரிய ஏ கத்தாவுக்கு மாற்ற வழியுண்டா என்று நல்ல வக்கீலிடம் முதலில் கேளுங்கள். இ-கத்தா, அதாவது கணினியில் ஏற்றிய கத்தா, இல்லாமல் இப்போது பதிவே நடக்காது. வில்லங்கச் சான்று 2004 ஏப்ரலுக்குப் பிறகு ஆன்லைனில் வரும். அதற்கு முந்தையது கையெழுத்துப் பிரதி, சப் ரிஜிஸ்திராரிடம் நடக்க வேண்டும். கத்தா பெயர் வேறு, பத்திரப் பெயர் வேறு என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் சிம்னியைப் போட்டுக் காட்டினார். நான் பக்கவாட்டுச் சந்துக்குள் நுழைந்தேன். இரண்டு முழங்கையும் சுவரில் உரசின. பிளானில் அங்கே மூன்றடி விட்டிருந்தது! சிம்னியைப் பற்றி என் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர்தான். காவேரி இணைப்பு இருந்தால் பில்லை எடுத்து வையுங்கள். போர்வெல் மட்டும் என்றால் ஆழத்தை மறைக்காமல் சொல்லுங்கள். தெருவில் கார் திரும்புமா என்பதும் விலையைத் தொடும். மெட்ரோ நடை தூரத்தில் வந்தால் லாபம். வாசலுக்கு நேரே தூண் வந்தால் நஷ்டம்.

அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை விலை என்று நினைக்காதீர்கள், அது முத்திரைக் கட்டணம் கணக்கிடுவதற்கான கீழ்வரம்பு. அக்கம்பக்கத்தில் ஆறு மாதத்துக்குள் கைமாறிய இரண்டு மூன்று வீடுகளை விசாரியுங்கள், வாங்கியவரிடமே.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் மொட்டைமாடித் தொட்டியின் கசிவை அடைத்து, ஓதம் காய்ந்த பிறகு வெள்ளையடியுங்கள். காயுமுன் அடித்தால் ஒரே மழையில் திட்டு வெளியே வந்துவிடும்.