கேள்வி – பதில்: கல்லூரி செராமிக் கூடம்

கவின்கலை, வடிவமைப்பு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஒரே மின்சூளையை வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறோம். முதல் சூட்டிலேயே சில உருவங்கள் வெடித்துவிடுகின்றன. மண்ணில் இருக்கும் காற்றுக்குமிழிதான் காரணமா?
– மாணவி, கும்பகோணம்

பழியைக் காற்றின்மேல் போடுவது எல்லாக் கூடத்திலும் வழக்கம். வெடிக்கவைப்பது நீராவி. குமிழி இருந்தாலும், முழுக்கக் காய்ந்த துண்டு வெடிக்காது. 2 செ.மீ.க்கு மேல் தடித்த சிற்பம் வெளியே வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். நடுவில் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியில் எத்தனை நாள் வைத்தாலும் இந்தச் சில்லிப்பு போகாது. அப்போது சூளையிலேயே காயவைக்க வேண்டியதுதான்.

மூடியை இரண்டு விரல் அளவு திறந்து, மேல்துளை அடைப்பானையும் எடுத்துவிட்டு, 80–90 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். மெல்லிய கிண்ணங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும்; தடித்த சிற்பத்துக்கு இரவு முழுக்க வேண்டும். துளைக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள். ஆவி படிந்தால் இன்னும் பொறுங்கள். படியாதபோது மூடியை மூடி, 600 டிகிரி வரை மணிக்கு 100, அதன்பின் மணிக்கு 150 என்று ஏற்றி, 1000-இல் முடிக்கலாம்.

சில்லு சில்லாகச் சிதறிக் கிடந்தால் நீராவி. துண்டு முழுசாக இருந்து, ஒரே நீள விரிசல் மட்டும் ஓடியிருந்தால் அது வேறு நோய்: சீரில்லாமல் காய்ந்திருக்கும், அல்லது சூளையை அவசரப்பட்டுத் திறந்திருப்பீர்கள். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் 573 டிகிரியில் சட்டென்று சுருங்குவதால், ஆறும்போதும் நிதானம் தேவை. 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். தடித்த சிற்பங்களைத் தனிச் சூட்டில் வையுங்கள். ஒன்று வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்திலிருப்பவரின் கிண்ணத்துக்குள்ளும், கம்பிச்சுருள் ஓடும் பள்ளத்துக்குள்ளும் போய் விழும்.

கிளேஸ் (உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) சூட்டில் ஒருவரின் கிண்ணம் உருகி, சூளைத்தட்டோடு ஒட்டிக்கொண்டது. கிளேஸ் அதிகமா?
– மாணவர், சென்னை

கிண்ணமே உருகியிருந்தால் மண்தான் மாறியிருக்கிறது. அதிக வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மண், கோன் 6 என்னும் சூட்டு அளவில், அதாவது சுமார் 1220 டிகிரியில், உருகாமல் நிற்கும். ஊர்க் குயவர் பயன்படுத்தும் செம்மண்ணில் இரும்பு அதிகம். 1100-ஐத் தாண்டினாலே பெரும்பாலும் உப்பி, சரிந்துவிடும். கிளேஸ் பூசிய பிறகு எது எந்த மண் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே செய்யும்போதே அடியில் மண்ணின் பெயருக்கு ஒரு முத்திரை குத்துவதைக் கட்டாயமாக்குங்கள். தெரியாத மண்ணென்றால் 5 செ.மீ. துண்டு ஒன்றை, ஸ்டோன்வேரில் செய்த சிறு தட்டில் வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

சூளைத்தட்டைக் காப்பாற்ற, கயோலினும் (வெள்ளைக் களிமண்) அலுமினாவும் (எளிதில் உருகாத வெண்பொடி) சரிபாதி எடுத்து, மோர் பதத்தில் தண்ணீரில் கரைத்து, மேற்புறம் மட்டும் பூசுங்கள். அடிப்புறம் பூசினால் உதிர்ந்து கீழ்த்தட்டிலுள்ள கிளேஸில் ஒட்டும்.

7 கிலோவாட் சூளை வாங்குகிறோம். ஏற்கெனவே உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாமா?
– விரிவுரையாளர், மதுரை

கூடாது. 230 வோல்ட்டில் அது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். மின்பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) நல்ல எர்த்தும் போடச் சொல்லுங்கள். 10 சதுர மி.மீ. செம்புக் கம்பி கேளுங்கள். பிளக் வேண்டாம், இணைப்பை முழுக்கத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் போதும். சுவருக்கும் சூளைக்கும் 45 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

மாலையில் கூடத்தைப் பெருக்கினால் அறையே புகையாகிறது. முகமூடி போட்டால் போதுமா?
– மாணவி, புதுச்சேரி

பெருக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூசு தரையில் படிந்துவிடும். நுரையீரலுக்குள் போகும், மண்ணிலுள்ள நுண்ணிய சிலிக்காத் தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லை. ஈரத்துணியால் மேசையையும், ஈர மாப்பால் தரையையும் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் வழவழப்பாக்குங்கள். கிளேஸ் பொடி நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, என்95 முகமூடி அணியுங்கள். மண் படிந்த ஏப்ரனை விடுதி அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தொட்டிக் குழாய் மாதம் ஒருமுறை அடைக்கிறது.
– உதவியாளர், கோவை

தொட்டிக்கு முன்னால் இரண்டு வாளி வையுங்கள். கையும் கருவியும் முதல் வாளியில், அலசல் இரண்டாவதில், கடைசியாகத்தான் குழாய். மறுநாள் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடிமண்ணை மறுபயன்பாட்டுத் தொட்டியில் சேர்க்கலாம். கிளேஸ் கழுவிய வாளியைத் தனியே வையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் எந்த வாளிக்குள்ளும் போகக்கூடாது: குழாயில் இறுகிவிடும், மண்ணில் ஒரு துணுக்கு கலந்தாலும், சுட்டபின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பாத்திரத்தின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும்.