சிரமதானத்துக்கு மட்டும்தானோ சனம்?

கேள்வி: டெங்கு சிரமதானம் எண்டா மட்டும் எங்கட மாதர் சங்கத்தைக் கூப்பிடினம், எங்க, எப்ப எண்டதெல்லாம் முதலே முடிவாகியிருக்கு. இதுதான் மக்கள் பங்களிப்போ?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லைத் தங்கச்சி, அது வேலைக்கு ஆள் சேர்க்கிறது. சுகாதாரத்தைத் திட்டமிடுறதிலயும் சனத்துக்கு உரிமையும் கடமையும் இருக்கெண்டு 1978இல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டின மாநாட்டின்ர அல்மா அட்டா பிரகடனத்திலயே எழுதியாச்சு, அந்தத் திட்டமிடுறதைத்தான் எல்லாரும் மறந்து போகினம். எந்த வளவு பூட்டிக் கிடக்கு, எந்தக் கிணறு பாவிக்காமல் இருக்கு, மழைக்கு எங்க தண்ணி தேங்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும், அதை ஒரு கொப்பியில படமாக் கீறி, பிஎச்ஐயையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைஃபையும் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கோ, திகதியையும் அங்கயே வையுங்கோ, கூலி வேலைக்குப் போற பெண்டுகளுக்கும் தோதா இருக்கோணும்.

இன்னொண்டு, வருசத்தில ஒரு சிரமதானத்தால ஒண்டும் ஆகாது. தண்ணி வத்தினாலும் டெங்கு நுளம்பின்ர முட்டை வாளியின்ர உட்பக்கத்தில ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டா ஒரு கிழமை பத்து நாளில நுளம்பாயிடும். அதால கிழமைக்கொருக்கா தண்ணியை ஊத்திப்போட்டு, தும்பால நல்லா உரஞ்சிக் கழுவோணும், தொட்டியையும்தான்.