கேளுங்கள்: 32 வயதில் முதல் ஆல்பம்

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், வயது 33. சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுவேன். ஒரு ஆல்பம் போடலாம் என்றால் 'இனிமேலா?' என்கிறார்கள் வீட்டில். சோல் என்ற அமெரிக்கக் கருப்பின இசை வகையில் பாடிய பில் விதர்ஸும் தாமதமாக வந்தவர்தானாமே? அவருடைய முதல் ஆல்பத்துக்கு எப்படி வரவேற்பு?
- வாசகர், வாளையாறு

பதில்: ஆமாம், 1971-ல் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' வந்தபோது அவருக்கு 32 வயது. மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்து ஊரில் பிறந்து, திக்குவாயோடு வளர்ந்து, ஒன்பது வருஷம் கடற்படையில் இருந்துவிட்டு, போயிங் 747 விமானத்துக்குக் கழிவறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். ஆல்பத்தின் அட்டைப் படமே அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்ததுதான், கையில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். ஸ்டுடியோவுக்கு வந்தவர் தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸிடம், "இதையெல்லாம் யார் பாடப் போகிறார்கள்?" என்று கேட்டாராம். நீங்கள்தான் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

வரவேற்பு இசைத்தட்டுக் கம்பெனி எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிங்கிள் இசைத்தட்டில் அவர்கள் முன்னால் வைத்தது 'ஹார்லெம்' பாட்டை. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்து 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 3-ம் இடம் வரை ஏறி, 1972-ல் கிராமி விருதும் வாங்கியது. அதில் 'ஐ நோ' என்று 26 தடவை வரும் இடத்தைக் கேளுங்கள். அங்கே வேறு வரி எழுதத்தான் நினைத்திருந்தார், கூட இருந்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் உயிரே அந்த அலங்காரமில்லாத தன்மைதான், இளம் வயதில் அது அவ்வளவு லேசில் வராது. அதனால் வயதைப் பற்றிக் கவலைப்படாமல் பதிவு செய்யுங்கள். வேலையை மட்டும் இப்போதே விட்டுவிடாதீர்கள், பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று அவரும் அவசரப்பட்டு விடவில்லை.

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய எங்கள் பாட்டிக்குப் போட்டுக் காட்ட பில் விதர்ஸின் முதல் ஆல்பத்தில் பாட்டு உண்டா?
- வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'! இரண்டே நிமிஷம்தான். சர்ச்சில் கைதட்டிய கை, பேரனைத் தூக்கிவிட்ட கை, சில நாள் வலியெடுத்து வீங்கிய கை என்று தன் பாட்டியின் கைகளைப் பற்றியே பாடியிருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, தமிழில் சொல்லிச் சொல்லிப் போட்டுக் காட்டுங்கள்.