ஒரு வார்த்தை சொல்வது

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. இரண்டு ஆண்டுகளாக ஒரு கிளப்பின் இளையோர் அணியில் காற்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். பயிற்றுவிப்பாளரின் மகனும் அதே அணியில், அதே இடத்தில் ஆடுகிறான். எல்லா ஆட்டத்திலும் முதலில் இறங்குவது அந்தப் பையன்தான். என் மகனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் கிடைத்தால் உண்டு. "உங்களுக்குத்தான் மேலே ஆள் தெரியுமே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?" என்று மனைவி கேட்கிறாள். நான் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

அமெரிக்கக் காற்பந்துச் சம்மேளனத்தில் அண்ணன் பெரிய அதிகாரியாக இருக்கும்போதே தம்பியைத் தேசிய அணிக்குப் பயிற்றுவிப்பாளராகப் போட்டார்கள் என்று அண்மையில் படித்தேன். அந்த விவகாரத்தில் தலைவரே பதவி விலகினாராம். அவ்வளவு பெரிய நாட்டிலேயே இப்படி என்றால், நான் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? நம் சிங்கப்பூரின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதுகூடத் தன் மகன்களைத் தேசிய அணியில் ஆட வைத்தவர்தானே?

மு.,
யீஷூன்

அன்புள்ள மு.,

உங்கள் மகனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு திருத்தம். அமெரிக்கச் சம்மேளனத்தின் தலைவர் கார்லோஸ் கோர்டெய்ரோ 2020 மார்ச்சில் விலகியது நீங்கள் சொல்லும் அந்த அண்ணன் தம்பியால், அதாவது பெர்ஹால்டர் சகோதரர்களால் அல்ல. பெண்கள் அணி சம ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில், பெண் ஆட்டக்காரர்களின் திறனும் பொறுப்பும் ஆண்களுடையதைவிடக் குறைவு என்று சம்மேளனத்தின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள். உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற அணியைப் பற்றி அவர்களுடைய சொந்தச் சம்மேளனம் எழுதியது அது. அந்தக் கோபத்தில்தான் தலைவர் போனார். துணைத் தலைவராக இருந்த சிண்டி பார்லோ கோன் அந்த இடத்துக்கு வந்தார். அவரே முன்னாள் தேசிய ஆட்டக்காரர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான்.

அண்ணன் தம்பி கதை வேறு. 2017 அக்டோபரில் டிரினிடாடில் 2-1 என்று தோற்று, மறு ஆண்டின் உலகக் கிண்ணத்துக்குப் போகும் வாய்ப்பை அமெரிக்கா இழந்தது. பயிற்றுவிப்பாளர் புரூஸ் அரினா விலகினார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் நிரந்தரமாக யாரையும் போடவில்லை. 2018 டிசம்பரில் கிரெக் பெர்ஹால்டரை அறிவித்தபோது, அவருடைய அண்ணன் ஜே அதே சம்மேளனத்தில் தலைமை வணிக அதிகாரி. அண்ணனுக்கு இந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை என்று சம்மேளனம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓராண்டு தேடலின் முடிவில் வந்து நின்றவர் அதே அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் தம்பி என்றதும், ரசிகர்களில் பலர் அதை நம்பவில்லை. அடுத்து, தலைமை நிர்வாகி டான் ஃபிளின் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கும் அண்ணன் பெயரே அடிபட்டது. 2020 பிப்ரவரியில் ஜே சம்மேளனத்தை விட்டே போனார். வெளியிலிருந்து வில் வில்சன் வந்தார்.

இதில் யாருக்கு என்ன லாபம் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கிரெக் 2002 உலகக் கிண்ணத்தில் ஆடியவர். பயிற்றுவிப்பாளராக 2021இல் ஒரே கோடைக்காலத்தில் இரண்டு இறுதி ஆட்டங்களில் மெக்சிகோவை வீழ்த்தியவர். 2022இல் கத்தாரில் இரண்டாம் சுற்று வரை அணியைக் கொண்டுபோனார். இருந்தும் வென்றால் பையன்களின் திறமை, தோற்றால் அண்ணன் தயவு என்ற பேச்சு அவரை விடவே இல்லை. வேலைக்கு எடுத்தபோது கணக்கைத் திறந்து காட்டாததன் வட்டியைக் கடைசிவரை கட்டியவர் அந்தத் தம்பிதான்.

கத்தாருக்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அது பெற்றோர் கதை. ஜியோ ரெய்னா என்ற இளைஞருக்கு அந்த உலகக் கிண்ணத்தில் ஆட மிகக் குறைந்த நேரமே கிடைத்தது. அவருடைய அப்பா கிளாடியோ ரெய்னா அமெரிக்க அணியின் முன்னாள் தலைவர். கிரெக்கின் பள்ளிக்கால நண்பர். இரண்டு பேரின் மனைவியரும் ஒரே கல்லூரியில் காற்பந்து ஆடியவர்கள். இரண்டு குடும்பங்களும் அவ்வளவு நெருக்கம். மகனை உட்கார வைத்த கோபத்தில் பெற்றோர் சம்மேளனத்தில் தமக்குத் தெரிந்த எர்னி ஸ்டூவர்ட்டைத் தொடர்பு கொண்டார்கள். அவர் சம்மேளனத்தின் விளையாட்டு இயக்குநர். கிளாடியோவோடு தேசிய அணியில் ஆடியவர். அந்தப் பேச்சில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் கிரெக் தன் வருங்கால மனைவியிடம் கைமீறி நடந்துகொண்ட ஒரு சம்பவத்தை ஜியோவின் அம்மா எடுத்துச் சொன்னார். அந்தச் சம்பவத்தைக் கிரெக் மறுக்கவில்லை, அதைச் சிறிதாக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் அத்தனை ஆண்டு தெரிந்திருந்த ஒன்று வாய்க்கு வந்தது, மகனுக்கு ஆட்ட நேரம் கிடைக்காமல் போன பிறகுதான்.

வெளிச் சட்ட நிறுவனம் ஒன்று விசாரித்து 2023 மார்ச்சில் அறிக்கை தந்தது. கிரெக்கைத் திரும்ப வேலைக்கு எடுக்கத் தடை இல்லை என்றது. கூடவே, மகன் இளையோர் அணிகளில் இருந்த காலத்திலிருந்தே அந்தப் பெற்றோர் சம்மேளனத்தில் தெரிந்தவர்களிடம் அவனுக்காகப் பேசி வந்ததையும் எழுதி வைத்தது. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். ஒரே நாளில் வெடித்த குண்டில்லை அது. பல ஆண்டுகளாகத் தெரிந்தவரிடம் சொல்லிவந்த "ஒரு வார்த்தை"கள். ஜியோ நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு இன்று முதலில் நினைவுக்கு வருவது அவருடைய அப்பாவும் அம்மாவும்.

இனி ஃபாண்டி. அவர் 2018இல் நம் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றபோது அவர் மகன்கள் இர்ஃபானும் இக்சானும் அணியில் இருந்தார்கள் என்பது உண்மை. அன்று கோப்பிக்கடைகளில் நடந்த பேச்சு எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பிறகு என்ன ஆனது? அடுத்த ஆண்டே இக்சான் நார்வேயின் ராவ்ஃபோஸ் கிளப்புக்குப் போனார். இர்ஃபானைத் தாய்லாந்தின் பாத்தும் கிளப் எடுத்தது. தம்பி இல்ஹான் பெல்ஜியம் போனார். அந்தக் கிளப்புகளில் தேர்வு செய்தவர் யாரும் அவர்களுக்கு உறவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கில் 2-1 என்று வென்று நாம் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோமே, பின்தங்கியிருந்து மீண்ட அந்த ஆட்டத்தில் இரண்டாவது கோலை அடித்தவர் இல்ஹான். அன்றைய பயிற்றுவிப்பாளர் கேவின் லீ. ஃபாண்டியின் அப்பாவே தேசிய அணியின் கோல்காப்பாளராக இருந்தவர். மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் காற்பந்து ஊறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். திடலில் உறவு பார்த்துப் போட்ட ஆள் தொண்ணூறு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுவான். ஐம்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலக அறையில்தான் யாரும் பார்ப்பதில்லை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 1984 முதல் 2014 வரை பகாங் சுல்தான் அகமது ஷா தலைவர், அவருக்குப் பின் அவருடைய மகன். நம் ஊரில் வாரிசு வரவில்லை, ஆனால் நெடுங்காலம் தேர்தலும் இல்லை. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் 1892இல் தொடங்கியது. அதன் முதல் தேர்தல் 2017இல்தான் நடந்தது. அதுவரை தலைவர்களை நியமித்தார்கள். நியமனத்திலும் நல்லவர்கள் வந்தார்கள். 1976இல் பொறுப்புக்கு வந்த வழக்கறிஞர் என். கணேசன் ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோனார், சூ செங் குவீயைப் பயிற்றுவிப்பாளராக்கினார், 1977இல் மலேசியக் கிண்ணம் வீடு வந்தது. என் வீட்டில் வானொலியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்த இரவு அது. ஆனால் நல்லவர் வருவது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால் அதற்கு ஒரு சங்கம் எதற்கு?

2017 தேர்தலில் லிம் கியா தோங் அணி 30-13 என்று வென்றது. வாக்களித்தவை சங்கத்தின் கிளப்புகள். 2022இல் அவர் காலமான பின் பெர்னார்ட் டான், 2025இல் ஃபாரஸ்ட் லீ. நம் லீக்கில் ஆடும் லயன் சிட்டி செய்லர்ஸ் கிளப்பை வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைவரே நாட்டின் காற்பந்துக்கே தலைவராகும்போது ரசிகன் கேள்வி கேட்பான். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் கிளப்பைத் தொடும் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போகிறார், அந்த முடிவை இன்னார் எடுத்தார் என்பது ரசிகன் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருந்தால், அதனால் முதலில் நன்மை பெறுபவர் அவரே. பெர்ஹால்டர் தம்பிக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இதை அதிகம் பேசியதில்லை.

எனக்கு 15 வயது இருக்கும். சனிக்கிழமை மாலைகளில் ஃபேரர் பார்க் திடலில் ஆடுவோம். எங்கள் அணிக்கு மேலாளர் என் தாய்மாமா. ஒரு போட்டியின் அரையிறுதிக்கு முன், மரத்தடியில் நின்று சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பெயர்களை வாசித்தார். இடது பின்வரிசைக்கு இரண்டு பேர் இருந்தோம், நானும் இன்னொருவனும். அவன் என்னைவிட வேகம். பயிற்சியில் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக யாராலும் முடியாது. அண்ணனுடைய பழைய பூட்ஸ் அவனுக்கு. வலது கால் நுனி பிளந்திருந்ததால் கறுப்பு டேப் சுற்றியிருப்பான். அன்று புது டேப் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

மாமா என் பெயரை வாசித்தார்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. புல்லில் உட்கார்ந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து, அந்த டேப்பை நகத்தால் மெல்ல உரித்து எடுத்தான். எடுத்ததை வீணாக்காமல் ஒரு குச்சியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நின்று எங்களுக்காகக் கத்தினான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமாவிடம் கேட்டேன். "நீ நல்லா ஆடுற, அதான் போட்டேன்" என்றார். மாமா பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. அந்த வாரம் நான் உண்மையாகவே நன்றாக ஆடியிருக்கலாம். ஆனால் அதை அவர் மற்றவர்கள் முன்னால் சொல்லவில்லை, என்னிடம் தனியாகச் சொன்னார். அதனால் அந்த வார்த்தை எனக்குப் பயன்படவே இல்லை. அதன்பின் நான் எடுத்த ஒவ்வொரு பந்திலும், மாமா இல்லையென்றால் நான் இங்கே நிற்பேனா என்ற கேள்வி கூடவே ஓடியது. மறு ஆண்டு நானும் நின்றுவிட்டேன். மாமா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இனி கேட்க ஆளில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மு., அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த வாரம் உங்கள் மகன் முதல் பதினொருவரில் இறங்கக்கூடும். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்குக் காது உண்டு. மேலேயிருந்து அழைப்பு வந்தது என்பது அணிக்குள் தெரிய இரண்டு நாள் ஆகாது.

சும்மா இருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் பெயரைப் போட்டுக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் உங்கள் மகன் பெயர் வர வேண்டாம், பயிற்றுவிப்பாளர் மகன் பெயரும் வர வேண்டாம். ஆட்டக்காரர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள், தன் பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது பயிற்றுவிப்பாளரோடு இன்னொருவரும் பார்க்க ஏற்பாடு உண்டா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். மற்றப் பெற்றோரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. முடிந்தால் அந்தப் பயிற்றுவிப்பாளரிடமே முதலில் காட்டுங்கள். அவர் மகன் உண்மையாகவே நன்றாக ஆடுகிறவனாக இருந்தால், அந்த ஏற்பாடு உங்கள் மகனைவிட அவனுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. எதில் முன்னேற வேண்டும் என்பதை உங்கள் மகனே போய்க் கேட்கட்டும். நீங்கள் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். கடைசிப் பத்து நிமிடம் இறங்கினாலும் சரி, அவன் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அடுத்த ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று எனக்கும் எழுதுங்கள். யீஷூன் எனக்குத் தூரமில்லை.

அன்புடன்.