படமும் என்னுடையது, வழக்கும் என் மீதா?

கேள்வி: ஐயா, நல்லூர்த் தேர்த்திருவிழாவில் நான் எடுத்த படமொன்றைக் கனடாவில் இருந்தபடி யூடியூப் நடத்தும் எங்கள் ஊரவர் ஒருவர், அதிலிருந்த என் பெயரை வெட்டிவிட்டுத் தம் காணொளியின் முகப்பில் போட்டுக்கொண்டார். ஆத்திரத்தில் "இவர் கள்ளன், கோயில் காசையும் விட்டுவைக்காதவர்" என்று முகநூலில் எழுதினேன். இப்போது அவருடைய சட்டத்தரணி ஐம்பது இலட்சம் ரூபாய் மானநட்டம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். படத்தை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டா?
- வாசகர், கொக்குவில்

பதில்: உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படம் உருவானதுமே பதிப்புரிமை எடுத்தவருக்குச் சேர்கிறது, பதிவு தேவையில்லை. அவ்வுரிமை உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். பெயரை வெட்டியது தனியான இன்னொரு மீறல். இலங்கை 1959 முதல், பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால், அதில் அங்கம் வகிக்கும் கனடாவிலும் உங்கள் படத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் இவ்வகை வழக்கு கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு உரியது. ஒரு படத்துக்காக அவ்வளவு தூரம் அலைவது கட்டுப்படியாகாது. யூடியூப் நிறுவனத்திடமே பதிப்புரிமை முறைப்பாடு செய்யுங்கள். கமெராவில் பதிந்த மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், அதைவிட வலுவான சான்று இல்லை.

கடிதத்தின் கதை வேறு. அவர் உங்கள் படத்தை எடுத்தார் என்பது, நீங்கள் அவரைப் பற்றி எழுதிய எல்லாவற்றுக்கும் அனுமதிச்சீட்டு ஆகாது. குற்றவியல் அவதூறு 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அந்தக் குற்றத்துக்காக உங்களைக் கைது செய்ய முடியாது. ஆயினும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். (நம்மவர் பலர் எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தேடுவர், இங்கு ஆள்வது இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்.) அச்சட்டத்தில் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்கு உதவியது என்றும் காட்ட வேண்டும். "என் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்" என்று மட்டும் எழுதியிருந்தால் நிறுவிவிடலாம். கோயில் காசு பற்றிய வரிக்கு உங்களிடம் என்ன ஆதாரம்? வாய்த்தர்க்கத்தில் உதிர்ந்த சொல்லுக்குச் சட்டம் சற்று இரங்கும். எழுதி, நாட்கணக்கில் எல்லோர் பார்வைக்கும் விட்டுவைத்ததற்கு அந்த இரக்கம் கிடைப்பது அரிது.

ஐம்பது இலட்சம் என்பது அவர் கேட்கும் தொகை மட்டுமே, எவ்வளவு என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். அதற்காகக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பதிவின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு அதை நீக்குங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் பதில் அனுப்புங்கள். கோயில் காசு பற்றிய கூற்றை மீளப்பெற்றுக்கொண்டு, படத்தின் மீதான உங்கள் உரிமையையும் அதே பதிலில் வலியுறுத்தலாம். பல பிணக்குகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

கேள்வி: அவதூறான பதிவொன்றை வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். எழுதியவர் வேறொருவர். நானும் பொறுப்பா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: ஆம். பிறர் சொன்ன அவதூறை மீண்டும் பரப்புவதும் வெளியிடுவதே. சம்பந்தப்பட்டவரைத் தவிர இன்னொருவர் வாசித்தாலே போதும், குழு சிறியது என்பது பதிலாகாது. பொய்யான கூற்றென்றால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலை (ஒன்லைன்) காப்புச் சட்டத்தின் கீழும் சிக்கல் வரக்கூடும். உடனே அழித்துவிடுங்கள், ஆனால் அதற்குள் யாராவது திரையைப் படம்பிடித்து வைத்திருந்தால், வழக்கில் அது சான்றாக வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.