ரோஜாப் பாத்தியைத் தோண்டும் நாய்

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் எங்கள் வீடு. இரண்டு வயதில் ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம், 12 கிலோ இருப்பான். போன மாதம் பக்கத்து வீட்டு நாய், ரோஜாச் செடிக்கு வைத்த உரத்தைத் தோண்டித் தின்று இரண்டு நாளில் செத்துப்போனது. அதிலிருந்து எனக்கு ஒரே பயம். எங்கள் ஆச்சியோ சொதி, புளிக்குழம்பு, பாயசம் என்று மிச்சம் இருப்பதையெல்லாம் அவனுக்கு வைக்கிறார்கள். கேட்டால், "அந்தக் காலத்து நாயெல்லாம் இதத் தின்னுதான வளந்துச்சு" என்கிறார்கள். நாய்க்கு எதெல்லாம் ஆகாது? தோட்டத்தில் அரளி நிற்கிறது, அதை வெட்டிவிடவா?

பதில்: அது என்ன உரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ரோஜாச் செடி, தோண்டித் தின்றது, இரண்டு நாளில் சாவு என்று பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஆமணக்குப் புண்ணாக்கின் மேல்தான். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. அதனால் ஆட்டி எடுத்த விளக்கெண்ணெயோடு போகாமல் சக்கையிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடாக்கினால் அழியும், ஆனால் உரத்துக்கு விற்கும் புண்ணாக்கை அப்படிப் பக்குவப்படுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியாது. நாய்க்கோ அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். கூடவே எலும்புத்தூளும் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பாத்தி முழுவதையும் கிளறிவிடும்.

தின்ற உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தி, வயிற்று வலி, ரத்தம் கலந்த பேதி என்று தொடங்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். உங்கள் வீட்டில் இந்தப் புண்ணாக்கு மூட்டை இருந்தால் இன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். செடிக்கு மண்புழு உரமோ வேப்பம் புண்ணாக்கோ போதும். வேம்பின் கசப்புக்குப் பெரும்பாலான நாய்கள் கிட்டே வராது. மாட்டுக்கு வாங்கிய கடலைப் புண்ணாக்கு பூசணம் பிடித்துவிட்டால் அதையும் நாய்க்கு எட்டும்படி கொட்டாதீர்கள், ஈரலைக் கெடுக்கும்.

அடுத்தது எலி மருந்து. பிசான நெல் பருவத்தில் கதிர் பிடிக்கும் சமயத்தில் வயல் வரப்பில் வைப்பார்கள். பொரியிலோ குருணை அரிசியிலோ எண்ணெய் தடவி, சாம்பல் கறுப்பாக இருக்கும் ஜிங்க் பாஸ்பைடு பொடியைக் கலப்பார்கள். சிலர் கருவாட்டையும் சேர்ப்பார்கள். அது எலிக்கு வைத்ததா நாய்க்கு வைத்ததா என்று எனக்கே சந்தேகம் வரும். இந்தப் பொடி வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பின் என்ற நச்சு வாயு கிளம்பும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். ஆட்டோவிலோ காரிலோ கொண்டு வரும்போது இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். இந்த விஷத்துக்குப் பாலோ சோறோ கொடுக்கவே கூடாது, அமிலம் கூடும், விஷமும் வேகமாக ஏறும்.

கடையில் கேக் மாதிரி விற்கும் புரோமடையலோன் வேறு ரகம். தின்று மூன்று, நான்கு நாள் நாய் சாதாரணமாகத் திரியும். அப்புறம்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், மூச்சு வாங்கும். இதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, சில வாரம் தொடர்ந்து கொடுத்தால் பிழைக்கும். ஆகவே தின்றதைப் பார்த்துவிட்டால், "நல்லாத்தான இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். வாழைக்குப் போடும் குருணை மருந்து இதற்கு நேர் எதிர். சற்று நேரத்திலேயே எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடம்பு வெட்டும். வந்து சேர்ந்துவிட்டால் அட்ரோபின் போட்டுக் காப்பாற்றலாம்.

சரி, ஆச்சியின் சமையலுக்கு வருவோம். ஆச்சி சொல்வதில் பாதி உண்மை. வெறும் சோறு, கொஞ்சம் தயிர், உப்பு உறைப்பு இல்லாமல் வேகவைத்த மீனோ கறியோ தாராளமாகக் கொடுக்கலாம். சொதியில் தேங்காய்ப்பாலோ பாசிப்பருப்போ நஞ்சல்ல, சின்ன வெங்காயமும் பூண்டும்தான் பிரச்சினை. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் கோளாறு தெரியும். உங்கள் 12 கிலோக்காரனுக்கு 180 கிராம். ஒரே நாளில் அவ்வளவு தின்னமாட்டான்தான், ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ரத்தம் குறையும். ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் உடனே கொண்டு வாருங்கள்.

பாயசத்தில் கிஸ்மிஸ் இருக்கும். திராட்சை பச்சையோ உலர்ந்ததோ, சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்ல முடியாது, அதனால் ஒன்றுகூட வேண்டாம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு, புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. ரசஞ்சோற்றை ஒரு வாய் நக்கியதற்கெல்லாம் பதற வேண்டாம். புளிக்குழம்பை நிறுத்துங்கள். பங்குனி, சித்திரையில் முற்றத்தில் புளி உடைக்கும்போது அவனைக் கட்டிப் போடுங்கள்.

எல்லாரும் பயப்படும் சாக்லேட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மில்க் சாக்லேட் 120 கிராம் தின்றால்தான் உங்கள் நாய்க்கு லேசான தொந்தரவே தொடங்கும். டார்க் சாக்லேட் என்றால் 50 கிராமே போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் அதுதான் மோசம், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழுந்து நாய் சுருண்டுவிடும். நம்ம ஊர் அல்வா விஷமில்லை, ஆனால் அவ்வளவு நெய் கணையத்துக்கு ஆகாது. மாங்கொட்டை குடலில் சிக்கினால் ஆபரேஷன்தான்.

ஏதாவது தின்றுவிட்டது என்றால் உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், சாணிக் கரைசல், புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். உப்பே நாயைக் கொல்லும், மற்றவை நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்கவைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதனால் பெரிதும் பயன். பாக்கெட்டையோ, மிச்சம் கிடக்கும் உரத்தையோ, வாந்தியைப் போட்டோ எடுத்தோ கொண்டு வாருங்கள். உள்ளூரில் மருத்துவர் இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அரளியை வெட்ட வேண்டியதில்லை. இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சுதான், ஆனால் கசப்பு என்பதால் நிற்கிற செடியை வளர்ந்த நாய் பெரும்பாலும் கடிக்காது. கழித்துப் போட்ட குச்சியைக் குட்டி நாய்கள் கடித்து விளையாடும், அதுதான் ஆபத்து. கழித்த அன்றைக்கே கிளைகளை அப்புறப்படுத்துங்கள், எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது. அவன் தண்ணீர்ச் சட்டியை அந்தச் செடிக்கு அடியிலிருந்து தள்ளி வையுங்கள். வேலியோரம் செங்காந்தள் கொடி இருந்தால் மட்டும் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். மண்ணைக் கிளறும் நாய்க்கு அந்த நச்சுக் கிழங்கு எளிதில் கிடைத்துவிடும்.