தமிழில் காற்புள்ளி: சில கேள்விகள்

கே: ‘பேனாவும், தாளும், மையும்’ என்று எழுதுவது தவறா?

ப: ‘உம்’ வந்த இடத்தில் காற்புள்ளிக்கு வேலையில்லை. இரண்டும் செய்வது ஒரே வேலை. ‘பேனாவும் தாளும் மையும்’ என்று எழுதுங்கள், இல்லையென்றால் ‘பேனா, தாள், மை ஆகியவை’. ‘ஆகிய’வுக்கு முன்னும் குறி வராது. ஒவ்வோர் உறுப்பும் ஐந்தாறு சொல் நீளும் தொடராக இருந்தால் மட்டும் ‘உம்’முக்குப் பின் போடலாம். கண் தடுமாறாமல் இருக்க அது உதவும்.

கே: ‘கடிதத்தைப் படித்துக், கிழித்தான்’ என்று ‘க்’ என்ற ஒற்றையும் காற்புள்ளியையும் சேர்த்து எழுதலாமா?

ப: கூடாது. அடுத்து வரும் சொல்லோடு ஒட்டும்போதுதான் வல்லொற்று (க், ச், த், ப்) மிகும். காற்புள்ளி அந்த ஒட்டைப் பிரித்துவிடுகிறது. ‘படித்துக் கிழித்தான்’, ‘படித்து, கிழித்தான்’ இரண்டும் சரி. ‘படித்துக், கிழித்தான்’ மட்டும் சரியில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பொருளைப் பொறுத்தது. ‘கிழித்துப் போட்டான்’ என்றால் பெரும்பாலும் ஒரே செயல்; ‘போடு’ அங்கே துணைவினை. ‘கிழித்து, போட்டான்’ என்றால் முதலில் கிழித்தான், பிறகு கீழே போட்டான். ‘எழுதிக் கொடுத்தான்’, ‘எழுதி, கொடுத்தான்’ என்பவற்றிலும் இதே வேறுபாடு. ‘படித்துக்கொண்டிருந்தான்’ போன்றவற்றைக் குறி போட்டுப் பிரிக்கவே முடியாது.

மெய்ப்புத் திருத்தும்போதுதான் இந்தப் பிழை அதிகம் நுழைகிறது. காற்புள்ளியை நீக்குகிறவர் ஒற்றைச் சேர்க்க மறந்துவிடுகிறார். சேர்க்கிறவர் ஒற்றை நீக்க மறந்துவிடுகிறார். குறியில் கை வைத்தால் அதற்கு முந்தைய எழுத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கே: வினையெச்சம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போட வேண்டுமா?

ப: பள்ளி இலக்கணம் போடச் சொல்கிறது. மூன்று நான்கு எச்சங்கள் அடுக்கி வந்தால் அது சரி. ‘எழுந்து வந்தான்’ போன்ற குறுந்தொடரில் போட்டால் திக்கித் திக்கிப் பேசுவதுபோல் இருக்கும்.

கே: ‘நேற்று எழுதிய கடிதத்தைக் கிழித்தான்.’ எழுதியது நேற்றா, கிழித்தது நேற்றா?

ப: குறியில்லாமல் படித்தால் எழுதியதுதான் நேற்று. கிழித்தது நேற்று என்றால் ‘நேற்று, எழுதிய கடிதத்தைக் கிழித்தான்’ என்று காப்பாற்றலாம். ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை. சொல்லை இடம் மாற்றுங்கள்: ‘எழுதிய கடிதத்தை நேற்றுக் கிழித்தான்.’ ‘எழுதிய’ போன்ற பெயரெச்சத்துக்கு முன் காலமோ இடமோ நிற்கும் வாக்கியங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

கே: “வருகிறேன்,” என்றான். மேற்கோளுக்குள் அந்தக் காற்புள்ளி வேண்டுமா?

ப: வாதத்துக்குரியது. கதைகளில் பலர் போடுகிறார்கள்; ஆங்கில அச்சு மரபின் சாயல் அது. ‘என்று’, ‘என்றான்’ ஆகியவையே மேற்கோளை வாக்கியத்தோடு இணைத்துவிடுவதால் நான் போடமாட்டேன். மேற்கோளுக்கு முன் வருவது வேறு: அவன், “வருகிறேன்” என்றான். அந்தக் காற்புள்ளியை எடுக்க வேண்டாம்.

கே: ‘ஆனால்’, ‘எனவே’ இவற்றுக்குப் பின்?

ப: இரண்டு வழக்கும் உண்டு. ஒரு நூலுக்குள் ஒன்றைப் பின்பற்றினால் போதும்.

கே: ஆங்கிலத்தில் பட்டியலின் கடைசி ‘அண்ட்’, ‘ஆர்’ இவற்றுக்கு முன் வரும் ‘ஆக்ஸ்ஃபோர்டு கமா’ அவ்வளவு முக்கியமா?

ப: சில இடங்களில் பணமே அதில் தொங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பால் நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். மிகைநேர ஊதியம் கிடையாத வேலைகளைச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. அதன் கடைசிப் பகுதியில் காற்புள்ளி இல்லை. ஆகவே ‘அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொட்டலமிடுதல்’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புவதற்காகப் பொட்டலமிடுதல், விநியோகித்தல்’ என்றும் படிக்கலாம். ஓட்டுநர்கள் பொட்டலம் கட்டுகிறவர்கள் அல்லர், விநியோகிக்கிறவர்கள்; முதல் வகையில் படித்தால் அவர்கள் வேலை அந்தப் பட்டியலில் சேராது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மேலே தமிழாக்கிய இரண்டையும் பாருங்கள்: ‘ஓ’வும் ‘தல்’லும் பொருளைப் பிரித்துவிட்டன, குறியை நம்பியிருக்கத் தேவையில்லை.

கே: எண்களை வரிசையாக எழுதும்போது குழப்பமாகிறதே?

ப: ‘1,250, 2,300, 4,100’ என்பதைப் படிக்கக் கண் கூசும். எண்ணுக்குள் காற்புள்ளி இருந்தால் எண்களுக்கிடையே அரைப்புள்ளி போடுங்கள்: 1,250; 2,300; 4,100. எண்ணுக்குள் வரும் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். விட்டால் வரி முடிவில் எண் இரண்டாக உடையும்.